விளையாட்டு ஷூவுக்கு பிராண்ட் முக்கியமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரி மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். குறுவட்டப் போட்டித் தேதி வந்துவிட்டால் போதும், என் போனுக்கு வரும் அழைப்புகளில் பாதி ஷூவைப் பற்றியதாக இருக்கும். பிள்ளைகள், பெற்றோர், மாவட்ட விளையாட்டரங்கத்தில் காலையில் ஓட வருபவர்கள், போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகும் பழைய மாணவர்கள் எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதிப் பதிலைக் கீழே தந்திருக்கிறேன். எந்தக் கடையோடும் கம்பெனியோடும் எனக்குக் கொடுக்கல் வாங்கல் கிடையாது.

சார், நைக், அடிடாஸ் போட்டாதான் நல்லா விளையாட முடியுமா?

அப்படி ஒன்றும் இல்லை. எந்த விளையாட்டுக்கு, எந்தத் தரைக்குச் செய்த ஷூ என்பது முதலில். உன் காலுக்குப் பொருந்துகிறதா என்பது அடுத்தது. சோல் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பது மூன்றாவது. இவையெல்லாம் சரி என்றான பிறகு பிராண்டைப் பற்றிப் பேசலாம். 8,000 ரூபாய் ஓட்ட ஷூவைப் போட்டுக்கொண்டு ஷட்டில் ஆடுகிறவனைவிட, ஆயிரம் ரூபாய் ஷட்டில் ஷூ போட்டவனின் கணுக்கால் பத்திரமாக இருக்கும்.

அடிடாஸா பூமாவா என்று வகுப்பில் அடித்துக்கொள்பவர்களுக்கு ஒரு தகவல்: இரண்டையும் தொடங்கியவர்கள் கூடப்பிறந்த அண்ணன் தம்பி. ஜெர்மனியில் ஹெர்சோகனாவ்ராக் என்ற சின்ன ஊரில் சேர்ந்து ஷூ செய்துகொண்டிருந்தவர்கள் பிரிந்துபோய், 1948இல் ருடால்ஃப் டாஸ்லர் பூமாவையும் 1949இல் அடால்ஃப் டாஸ்லர் அடிடாஸையும் ஆரம்பித்தார்கள். அவர்கள் வீட்டுப் பங்காளிச் சண்டையை நாம் ஏன் தொடர வேண்டும்?

அப்போ பஸ் ஸ்டாண்டு பக்கம் 400 ரூபாய்க்கு விக்கிறதே போதுமா?

நடப்பதற்குப் போதும். தினமும் ஓடவும் குதிக்கவும் போதாது. அந்த விலையில் பெரும்பாலும் மேலே துணி, கீழே ஒரே கட்டியாக வார்த்த சோல், நடுவில் ஒன்றும் இருக்காது. விளையாட்டு ஷூவில் காசு போவது அந்த நடுப்பகுதிக்குத்தான். அதை மிட்சோல் என்கிறார்கள். நுரை போன்ற இ.வி.ஏ. என்ற பொருளில் செய்வார்கள். அதிர்ச்சியைத் தாங்குவது அது. அதற்குக் கீழே தரையில் படுகிற ரப்பர் தனி.

பெரிய பெயருக்கும் பெயரே இல்லாததற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. ஜலந்தரில் செய்யும் நிவியா, அப்புறம் காஸ்கோ, கேம்பஸ், ஸ்பார்க்ஸ், டெக்கத்லான் கடையின் சொந்த ஷூக்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. பள்ளி அளவில் விளையாடும் பிள்ளைகளுக்கு இந்த நடுத்தட்டே தாராளம். விளையாட்டு ஷூவுக்கு ஐ.எஸ். 15844 என்று இந்தியத் தரநிலை ஒன்று உண்டு. ஷூவிலோ பெட்டியிலோ ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். அடிப்படைத் தரம் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். உங்கள் காலுக்குப் பொருந்துமா என்பதை எந்த முத்திரையும் சொல்லாது.

கடையில எதைப் பார்த்து வாங்கறது? எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியுது.

கையில் எடுத்துச் சோதித்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். முதலில் ஷூவின் முனையையும் குதிகாலையும் பிடித்து மடக்குங்கள். பெருவிரல் மடங்கும் இடத்தில் ஷூவும் மடங்க வேண்டும். நட்டநடுவில் ஒடிவதுபோல் மடங்கினால் அந்த ஷூவை அங்கேயே வைத்துவிடுங்கள். அடுத்து, குதிகாலைச் சுற்றியுள்ள பகுதியை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக நிற்க வேண்டும். அட்டைபோல அமுங்கினால் ஓடும்போது குதிகால் உள்ளே ஆடும். அப்புறம், ஈரத்துணி பிழிவதுபோல இரண்டு பக்கமும் பிடித்து முறுக்குங்கள். கொஞ்சம் முறுகலாம், ஜாங்கிரிபோல் சுற்றிக்கொண்டால் ஆகாது.

சோலைத் திருப்பி நகத்தால் கீறுங்கள். அடியில் தனி ரப்பர் ஒட்டியிருந்தால் நகம் வழுக்கும். முழுக்க நுரையாகவே இருந்தால் நகத்தடம் விழும். இதை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் நெருஞ்சி. நம் பக்கத்துப் பள்ளி மைதானங்கள் செம்மண்ணும் சரளையும் நெருஞ்சியும் கலந்தவை. ரப்பர் இல்லாத நுரை சோலில் நெருஞ்சி முள் நேராக ஏறி உள்ளே வந்துவிடும். எவ்வளவு பெரிய பிராண்டாக இருந்தாலும் அடியில் ரப்பர் போடாத மாடல் நம் ஊர் மண்ணுக்கு உதவாது.

கடைசியாக, உள்ளே இருக்கும் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் போட்டு அதன்மேல் நில்லுங்கள். சுண்டுவிரல் ஓரத்துக்கு வெளியே வழிகிறதா? அப்படியானால் அந்த ஷூ உங்களுக்குக் குறுகல். கடைக்காரர் "போடப்போட லூசாகிடும்" என்பார். அகலம் அப்படி ஒன்றும் லூசாகாது.

எனக்கு எப்பவும் சைஸ் 8. இந்த கம்பெனி 8 மட்டும் கடிக்குது. ஏன்?

ஒவ்வொரு கம்பெனியும் தன் ஷூவை ஒரு மாதிரிக் கால் அச்சின்மேல் வைத்துச் செய்கிறது. அந்த அச்சு கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஒரே கம்பெனியில் மாடலுக்கு மாடலும் வேறு. நம் ஊர்க் கடைகளில் பேசுவது பிரிட்டிஷ் அளவு. ஆண்களுக்கான பிரிட்டிஷ் 8 என்பது பொதுவாக அமெரிக்க அளவில் 9, ஐரோப்பிய அளவில் 42 பக்கம் வரும். ஆன்லைனில் வாங்குபவர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். ஷூ நாக்கின் உள்பக்கச் சீட்டில் சென்டிமீட்டர் கணக்கும் இருக்கும். அதை நம்புங்கள்.

சாயங்காலம் கால் கொஞ்சம் உப்பியிருக்கும், அந்த நேரத்தில் போய் வாங்குங்கள். விளையாடும்போது போடும் சாக்ஸையே போட்டுப் பாருங்கள். இரண்டு காலிலும் போட்டு எழுந்து நின்று, நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். நீளமான விரல் எல்லோருக்கும் பெருவிரல் அல்ல.

பொருத்தம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஸ்வப்னா பர்மனைச் சொல்லலாம். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், ஏழு தடகளப் போட்டிகள் சேர்ந்த ஹெப்டத்லானில் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டு ஹெப்டத்லானில் இந்தியாவுக்கு அதுதான் முதல் தங்கம். அவருக்கு ஒவ்வொரு காலிலும் ஆறு விரல்கள். கடையில் கிடைக்கும் எந்த ஷூவும் அவருக்கு வலிதான். பதக்கம் வாங்கிய பிறகுதான் அடிடாஸ் அவர் காலை அளந்து தனியாகச் செய்து கொடுத்தது. நமக்கு அப்படி யாரும் செய்து தரப்போவதில்லை. போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ஓடறதுக்கு வாங்கின ஷூவிலேயே ஷட்டில் ஆடலாமா?

ஆடாதீர்கள். அதிகமாக நான் திட்டுவது இதற்குத்தான். ஓடும்போது கால் ஒரே திசையில் முன்னால் போகிறது. அதனால் ஓட்ட ஷூவில் குதிகால் பக்கம் உயரமாக, மெத்தென்று இருக்கும். ஷட்டிலில் பக்கவாட்டில் பாய்ந்து சட்டென்று நிற்கிறோம். உயரமான மெத்தைமேல் நின்று பக்கவாட்டில் பாய்ந்தால் ஷூ ஓரத்தில் சாயும், கால் பிரண்டுவிடும். கணுக்கால் வெளிப்பக்கம் வீங்கி இரண்டு மூன்று வாரம் உட்கார வேண்டியதுதான்.

ஷட்டில் ஷூவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சோல் மெல்லியது, தட்டையானது. பக்கச் சுவர் கெட்டி. கால் இழுபடும் இடத்தில் கூடுதலாக ஒரு பட்டை வைத்துத் தைத்திருப்பார்கள். அடியில் லேசாக ஒட்டுகிற ரப்பர். உள்ளரங்கில் ஆடுபவர்கள் தரையில் கறுப்புக் கோடு விழாத சோலாகப் பார்த்து வாங்க வேண்டும், இல்லையென்றால் உள்ளேயே விட மாட்டார்கள். வெள்ளைத் தாளில் அழுத்தித் தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்த ஷூவைப் போட்டுக்கொண்டே வண்டி ஓட்டி டீக்கடைக்குப் போகாதீர்கள். அடியில் மண் ஒட்டினால் கிரிப் போய்விடும்.

யோனெக்ஸ் போன்ற கம்பெனிகளுக்கு ஷட்டிலில் பெயர் இருப்பது நியாயம்தான், அவர்கள் அந்த விளையாட்டையே பிழைப்பாகக் கொண்டவர்கள். ஆனால் யோனெக்ஸிலேயே விலை குறைந்த மாடலும் உண்டு, மேல்தட்டு மாடலும் உண்டு. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

ஃபுட்பால், கிரிக்கெட் ரெண்டுக்கும் ஒரே ஸ்டட்ஸ் போதுமா? கபடிக்கு?

போதாது. நீளமான ஸ்டட்ஸ் புல்லில் இறங்குவதற்குச் செய்தது. நம் காய்ந்த செம்மண்ணில் அது இறங்காது. உடம்பு எடை முழுவதும் பத்துப் பன்னிரண்டு முனைகளில் நின்று பாதம் எரியும், குதிகால் வலிக்கும். கெட்டித் தரையில் கால்பந்து ஆடச் சின்னச் சின்ன ரப்பர் முளைகள் நிறைய உள்ள டர்ஃப் ஷூ கேளுங்கள்.

கிரிக்கெட்டில் மேட் பிட்சுக்கும் மண் தரைக்கும் ரப்பர் ஸ்பைக்ஸ். இரும்பு ஸ்பைக்ஸ் புல் பிட்சுக்கு மட்டும். மேட்டில் அதைப் போட்டால் மேட் கிழியும். கபடி மண்ணில் என்றால் வெறுங்கால், மேட்டில் என்றால் மெல்லிய சோல் ஷூ.

வெறுங்காலிலேயே ஓடி ஜெயிச்சவங்க இருக்காங்களே சார்?

இருக்கிறார்கள். எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் ஓடி 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் உலக சாதனையோடு வென்றார். இந்தக் கதையைச் சொல்பவர்கள் இரண்டு விஷயங்களை விட்டுவிடுவார்கள். அங்கே கிடைத்த அடிடாஸ் ஷூ அவர் காலுக்குச் சரியாக அமையவில்லை, வெறுங்காலில் ஓடிப் பழகியவர் என்பதால் கழற்றிப் போட்டார். அடுத்து, 1964 டோக்கியோவில் அதே பிகிலா ஷூ போட்டு ஓடி 2 மணி 12 நிமிடம் 11 விநாடியில் மறுபடியும் உலக சாதனையோடு ஜெயித்தார். கடிக்கிற ஷூவைவிட வெறுங்கால் மேல், பொருந்துகிற ஷூ அதைவிட மேல்.

நம் கால்பந்து அணியும் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பெரும்பாலும் வெறுங்காலில் ஆடித்தான் பிரான்ஸிடம் 2-1 என்று தோற்றது. மோசமான ஆட்டம் அல்ல. 1952 ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று அடிவாங்கிய பிறகு பூட்ஸ் கட்டாயம் ஆனது. நெருஞ்சியைப் பற்றி மேலே சொன்னதும் ஞாபகம் இருக்கட்டும். வெறுங்காலில் பழகியிருக்கும் மலைக்கிராமத்துப் பிள்ளைகளை நான் ஒரே நாளில் ஷூவுக்கு மாற்றுவதில்லை. பயிற்சியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பழகிய பிறகுதான் போட்டியில் போடச் சொல்வேன்.

போலீஸ் செலக்‌ஷனுக்கு 1500 மீட்டர் ஓடணும். கார்பன் ஷூ வாங்கினா டைம் குறையுமா?

பிராண்டும் மாடலும் உண்மையிலேயே வித்தியாசம் காட்டிய இடம் இது ஒன்றுதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2017இல் நைக் கொண்டுவந்த வேப்பர்ஃப்ளை ஷூவில் தடித்த, ரொம்ப லேசான ஒரு புதுவகை நுரையும் நடுவில் கார்பன் தகடும் இருந்தன. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது, அன்றைக்கு இருந்த நல்ல பந்தய ஷூக்களைவிட ஓடுவதற்கான சக்திச் செலவு சராசரியாக 4 சதவீதம் குறைந்தது. 2019 அக்டோபரில் வியன்னாவில் கென்யாவின் எலியுட் கிப்சோகே மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் கடந்ததும் அந்த வகையில் அடுத்துவந்த ஷூவில்தான். 2020இல் உலக தடகள அமைப்பு சாலை ஓட்டத்துக்கு சோல் 40 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது, தகடு ஒன்றுக்கு மேல் கூடாது என்று விதி போட வேண்டியதாயிற்று. இப்போது அடிடாஸ், அசிக்ஸ், பூமா எல்லோருமே அப்படிப்பட்ட ஷூ செய்கிறார்கள்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1500 மீட்டர் 7 நிமிடம். 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி. பெண்களுக்கு 400 மீட்டர் 2 நிமிடம் 30 விநாடி. இந்த வேகத்துக்குக் கார்பன் தகடு தேவையே இல்லை. 7 நிமிடம் 40 விநாடியில் முடிக்கிறவர் இரண்டு மூன்று மாதம் ஒழுங்காக ஓடினாலே உள்ளே வந்துவிடுவார். அந்த ஷூக்கள் சீக்கிரம் தேய்கிறவை, குதிகாலில் ஆட்டம் காட்டுகிறவை, சரளை மண்ணுக்கு ஆகாதவை.

எடையைப் பாருங்கள், அது எல்லோருக்கும் பயன்படும். ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் கூடினால் ஓடுவதற்குச் செலவாகும் சக்தி சுமார் 1 சதவீதம் கூடும். லேசான சாதாரண ஓட்ட ஷூ ஒன்று வாங்கி, தேர்வுக்கு ஒரு மாதம் முன்பிருந்தே அதில் ஓடிப் பழகுங்கள். தேர்வன்று காலையில் புது ஷூவைப் பிரித்துப் போட்டுக் கொப்புளத்தோடு வந்து நிற்கும் பையன்களை ஒவ்வொரு செலக்‌ஷனிலும் பார்க்கிறோம்.

எனக்கு தட்டைப் பாதம். அதுக்குன்னு தனி ஷூ வேணும்னு சொல்றாங்களே?

வலி இல்லை என்றால் அதற்காகப் பயப்பட வேண்டாம். அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாத வளைவைப் பார்த்து அதற்கேற்ற ஷூ கொடுத்துச் சோதித்தார்கள். காயங்கள் குறிப்பிடும்படி குறையவில்லை. போட்டு ஓடிப் பார்த்து எது சுகமாக இருக்கிறதோ அதுவே உங்கள் ஷூ. வலி இருந்தால் கடைக்காரரிடம் யோசனை கேட்காமல் எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

ஃபர்ஸ்ட் காப்பி 1,200 ரூபாய்க்கு கிடைக்குது. பார்க்க அப்படியே ஒரிஜினல் மாதிரியே இருக்கு. வாங்கலாமா?

பார்ப்பதற்கு ஒரிஜினல் மாதிரி இருப்பதுதான் அதன் வேலை. மேல்துணி, நிறம், முத்திரை எல்லாவற்றையும் காப்பி அடிப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத மிட்சோலில் கைவைத்துவிடுவார்கள். கையில் தூக்கினாலே கனமாக இருக்கும், கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்காது. அதே 1,200 ரூபாய்க்கு நடுத்தட்டுக் கம்பெனியின் சொந்தப் பெயரில் உள்ள ஷூ கிடைக்கும். அதில் பிரச்சினை என்றால் பில்லோடு போய்க் கேட்கலாம். ஃபர்ஸ்ட் காப்பிக்கு யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

பெரிய கம்பெனி ஷூ எல்லாம் இங்க பர்கூர்லயே தைக்கிறாங்களாமே? அப்போ பேருக்குத்தானே காசு?

பாதி உண்மை. கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூர் சிப்காட் தொழிற்பேட்டையில் வெளிநாட்டு ஏற்றுமதிக்கு ஷூ தைக்கும் ஆலை இருக்கிறது. ஓசூரில் பாட்டா ஆலை இருக்கிறது. அந்தப் பக்கம் ஆம்பூர், ராணிப்பேட்டை முழுக்கத் தோல் தொழில்தான். பெரிய பிராண்டுகள் பெரும்பாலான ஷூக்களைத் தாங்களே செய்வதில்லை. வியட்நாம், இந்தோனேசியா, சீனா, தமிழ்நாடு என்று வெளி ஆலைகளிடம் கொடுத்துத்தான் செய்து வாங்குகிறார்கள். விலையில் ஒரு பங்கு விளம்பரத்துக்கும் ஆட்டக்காரர்களின் ஒப்பந்தத்துக்கும் போகிறது என்பதும் நிஜம்.

ஆனால் கால் அச்சு, நுரையின் பக்குவம், எந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் என்ற கணக்கெல்லாம் பிராண்டு கொடுப்பது. தைக்கும் கை ஒன்றாக இருந்தாலும் கொடுக்கிற கணக்கு மாறினால் ஷூ மாறிவிடும். "ஆலையிலிருந்து வந்த பீஸ்" என்று வெளியில் விற்பதை நம்பாதீர்கள். குறை கண்டு ஒதுக்கியதாக இருக்கலாம், திருட்டாக இருக்கலாம், பெரும்பாலும் வெறும் போலி.

ஒரிஜினல்னா கிழியவே கிழியாதா? எத்தனை நாள் வரும்?

ஒரிஜினலும் கிழியும். 2019 பிப்ரவரியில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் சயான் வில்லியம்சன் ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகாத நிலையில் கால் ஊன்றித் திரும்பினார். போட்டிருந்த நைக் ஷூ பக்கவாட்டில் பிளந்து பாதம் வெளியே வந்துவிட்டது, முழங்காலில் சுளுக்கு. சுமார் 130 கிலோ ஆள், முழு வேகத் திருப்பம். அபூர்வம்தான், ஆனாலும் நடந்தது.

ஓட்ட ஷூவுக்குப் பொதுவாகச் சொல்லும் ஆயுள் 500 முதல் 800 கிலோமீட்டர். வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு 5 கிலோமீட்டர் ஓடினால் நான்கிலிருந்து ஆறு மாதம். மேலே பளபளவென்று இருந்தாலும் நுரை செத்திருக்கும். மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள், ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் மாற்றுங்கள். போடாமல் பீரோவில் வைத்துப் பாதுகாப்பதும் பயன்படாது. சில ஷூக்களின் பாலியூரித்தேன் சோல் இரண்டு மூன்று வருடம் சும்மா இருந்தாலே மாவாக உதிரும். தள்ளுபடியில் பழைய ஸ்டாக் வாங்குபவர்கள் பெட்டியில் தயாரித்த மாதத்தைப் பாருங்கள்.

பையன் வளர்ற வயசு சார். ரெண்டு சைஸ் பெருசா வாங்கி துணி வெச்சு போட்டுக்கச் சொல்லலாமா?

வேண்டாம் அம்மா. உள்ளே கால் வழுக்கி விரல் முட்டும், நகம் கறுக்கும். மேலே சொன்ன கட்டைவிரல் இடைவெளி வைத்தாலே சில மாதம் ஓடும். அதற்கப்புறம் இடைவெளி பாதியாகிவிட்டதா என்று மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். வளரும் பிள்ளைக்கு விலை உயர்ந்த ஷூ வாங்காததற்கு இதுவே போதுமான காரணம், தேய்வதற்குள் சின்னதாகிவிடும். எங்கள் பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன ஷூக்களை ஒரு சாக்கில் போட்டு வைத்திருக்கிறோம். பொருந்துகிறதை எடுத்துக்கொள்வார்கள். சோலும் சாய்ந்திருக்கக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை.

கையில 6,000 ரூபாய் இருக்கு. காலையில ஓட்டம், சாயங்காலம் ஷட்டில். ஒரே நல்ல பிராண்ட் ஷூவா வாங்கிடட்டுமா?

இரண்டாக வாங்குங்கள். 3,000 பக்கம் ஓட்ட ஷூ ஒன்று, 2,000 பக்கம் ஷட்டில் ஷூ ஒன்று. காரணம் ஷட்டில் கேள்வியிலேயே இருக்கிறது. மீதியில் பருத்தி கலக்காத நல்ல சாக்ஸ் மூன்று ஜோடி வாங்குங்கள், கொப்புளம் பாதி குறையும். ஓட்ட ஷூ மழையில் நனைந்தால் இன்சோலை எடுத்துவிட்டு உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் காய வையுங்கள். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் காய வைத்தால் பசை விட்டுவிடும். விட்டுப்போனால் செருப்பு தைப்பவரிடம் கொடுத்து ஒட்டுவதோடு நிறுத்தாமல் ஓரத்தைச் சுற்றி ஒரு தையலும் போடச் சொல்லுங்கள்.